"யாரும் கேக்கமாட்டாங்க சார்"

"இதை எடுத்துட்டா யாராவது கேப்பாங்களா?"

"யாரும் கேக்கமாட்டாங்க சார்."

நிகழ்ச்சித் தலைவர் கேட்டதும் நான் சொன்னதும் அவ்வளவுதான். அடுத்த நிமிடமே பேச்சு இரவு ஒன்பது மணித் தொடருக்குப் போய்விட்டது. 2008-இல் நடந்த கூட்டம். ஞாயிறு காலை ஒன்பதரைக்கு வந்துகொண்டிருந்த சிறுவர் நிகழ்ச்சி அன்றோடு எஃப்.பி.சி.யிலிருந்து, அதாவது சேனலின் நிகழ்ச்சி அட்டவணையிலிருந்து, போனது. அதற்குத் தயாரிப்பாளர் நான்தான்.

அவர் என்னிடம் கேட்டிருக்கவே வேண்டியதில்லை. அந்த அரைமணி நேரத்தை டெலிஷாப்பிங்காரர்களுக்கு மாதக் கணக்கில் விற்பது என்று விளம்பரப் பிரிவில் ஏற்கெனவே பேசி முடித்திருந்தார்கள். நமக்கு ஸ்டுடியோ செலவு இல்லை, கேமரா இல்லை. டேப்பையும் கொடுத்துப் பணத்தையும் அவர்களே கொடுப்பார்கள். சிறுவர் நிகழ்ச்சிக்கோ மே, ஜூனில் பள்ளி திறக்கும் நேரத்தில் நோட்டு, ஸ்கூல் பேக், ஷூ விளம்பரங்கள் வரும். மற்ற மாதங்களில் ஒரு பிஸ்கெட், பாலில் கலக்கிற ஒரு பவுடர், அதோடு சரி. இதெல்லாம் முடிவான பிறகும் அவர் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். அதனால்தான் என் பதில் இன்னும் உறுத்துகிறது. கேட்காமலே எடுத்திருந்தால் அவர்மேல் கோபப்பட்டுவிட்டு மறந்திருப்பேன்.

நான் சொன்னது பொய் இல்லை. இதை எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். சேனலில் 'கேட்பது' என்றால் அதற்கு ஒரு பொருள் உண்டு. தொடர் பத்து நிமிடம் தாமதமானால் வரவேற்பறையில் போன் ஓயாது. விளம்பரதாரர் கேட்பார், கேபிள்காரர் கேட்பார். எட்டு வயதுப் பிள்ளை யாரிடம் கேட்கும்? அம்மாவிடம் கேட்கும். "இன்னைக்குப் போடல போல" என்பார் அம்மா. இரண்டு மூன்று ஞாயிறுகளில் பிள்ளையும் விட்டுவிடும். அந்தக் கணக்கில் நான் சொன்னது அப்படியே பலித்தது. ஒரு போன்கூட வரவில்லை.

அப்புறம் டி.ஆர்.பி. அப்போது டாம் என்ற நிறுவனத்தின் அளவீடு. இப்போது அளக்கிற பார்க் என்ற அமைப்பு வந்தது 2015-இல்தான். மீட்டர் வைத்த வீட்டில் ஆளுக்கொரு பட்டன் இருக்கும், டி.வி. முன்னால் வந்து உட்கார்ந்தால் அவரவர் பட்டனை அழுத்த வேண்டும். ஒரே டி.வி. இருக்கிற வீட்டை நினைத்துப் பாருங்கள். மாலையில் பாட்டியும் அம்மாவும் தொடர் பார்ப்பார்கள், பிள்ளை பக்கத்தில் குப்புறப் படுத்து வீட்டுப்பாடம் எழுதும். அதன் பட்டனும் அழுத்தப்பட்டிருக்கும். எங்கள் மேஜைக்கு வரும் தாளில் 4 முதல் 14 வயதுக்காரர்கள் அதிகம் பார்ப்பது மெகா தொடர் என்று இருக்கும். "பசங்களே சீரியல்தான் பாக்குறாங்க" என்று அந்தத் தாளைக் காட்டி நானே கூட்டங்களில் பேசியிருக்கிறேன். பிள்ளை எந்த அறையில் இருந்தது என்பதுதான் அந்த எண். எதைப் பார்க்க ஆசைப்பட்டது என்று யாரும் அதனிடம் விசாரிக்கவில்லை. தெரிந்தேதான் பேசினேன். எல்லோரும் அப்படித்தான் பேசினோம்.

இன்னொரு நியாயமும் கையில் இருந்தது. 2007 ஏப்ரலில் சுட்டி டி.வி. வந்துவிட்டது. "அவங்களுக்குத்தான் தனி சேனலே இருக்கே, நாம எதுக்கு?" மறுத்துப் பேச முடியாத வாதம். டோராவும் ஜாக்கி சானும் தமிழ் பேசியதை என் அக்கா பிள்ளைகள் சாப்பாட்டை மறந்து பார்த்தார்கள். கூடவே உட்கார்ந்து நானும் ரசித்திருக்கிறேன். ஆனால் டப்பிங்குக்கு ஒரு சவுண்ட் ஸ்டுடியோவும் நல்ல குரல்களும் போதும். நாமே எடுப்பதென்றால் பிள்ளைகள் வேண்டும், அவர்களைக் கூட்டிவரும் பெற்றோர் வேண்டும், செட், வேன், எல்லோருக்கும் சாப்பாடு. அந்தச் செலவு நின்றதும் நம் தெருவில் பம்பரம் விடுகிற பையனும், மழைக்கு லீவு விட்டதும் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடுகிற பெண்ணும் திரையிலிருந்து போய்விட்டார்கள். அடுத்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சென்னைத் தொலைக்காட்சியின் கண்மணிப் பூங்கா பார்த்து வளர்ந்தவன் நான். அதில் வந்த பிள்ளைகளுக்கும் எனக்கும் பெரிய வித்தியாசம் தெரிந்ததில்லை.

அந்த வருடங்களில்தான் அரசு இலவசக் கலர் டி.வி. கொடுத்துக்கொண்டிருந்தது. 2006-இல் தொடங்கியது. 14 அங்குலப் பெட்டி, எத்தனையோ வீடுகளுக்கு அதுதான் முதல் டி.வி. அந்தப் பெட்டி வந்த பிறகு முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் சேனலைப் போட்ட பிள்ளை ஒன்று எங்கோ இருந்திருக்கும். அதற்கு நாங்கள் காட்டியது உடம்பு இளைக்க வைக்கும் பெல்ட்.

டீச்சரிடம் சொல்லும் வேலையும் எனக்கே வந்தது. நிகழ்ச்சியில் கடைசிப் பத்து நிமிடம் கதை சொல்பவர். திருநெல்வேலிப் பக்கம் அரசுப் பள்ளியில் இருந்து ஓய்வு பெற்று, மகனோடு சென்னைக்கு வந்தவர். கையில் தாள் இல்லாமல், எதிரே உட்கார்ந்த பிள்ளைகளின் கண்ணைப் பார்த்துச் சொல்வார்.

"கொஞ்ச நாள் பிரேக் டீச்சர்" என்றேன் போனில்.

"பிரேக்குன்னா எதுவரைக்கும்யா?"

"சொல்றேன் டீச்சர்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "ஏய்யா, ஆட்டுக்குட்டிய மண்டபத்து மேலல்லா நிக்க வச்சிருக்கோம்?" என்றார்.

எனக்கு உடனே புரியவில்லை. கடைசியாக ஒளிபரப்பானது ஒரு இரண்டு பகுதிக் கதையின் முதல் பகுதி. அவரே கட்டிய கதை. தாமிரபரணியில் வெள்ளம் வருகிறது, குறுக்குத்துறையில் தண்ணீர் ஏறிக்கொண்டே போகிறது, ஒரு மண்டபத்து மேலே ஆட்டுக்குட்டி ஒன்று மாட்டிக்கொள்கிறது, கரையில் அதை வளர்த்த சின்னப் பெண். அங்கேயே நிறுத்தி, "மீதி அடுத்த வாரம்" என்று சொல்லியிருந்தார். மறுபாதியை எடுத்தும் வைத்திருந்தோம். ஒரே ஒரு ஞாயிறு கேட்டு வாங்கியிருந்தால் அது போயிருக்கும். நிகழ்ச்சியைக் காப்பாற்றியிருக்க முடியாது, சரி. ஒரு வாரம் தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்டிருக்கலாம். அந்தக் கூட்டத்தில் அந்தக் கதை என் நினைவிலேயே இல்லை. டேப்பை இரண்டு மாதத்தில் அழித்து வேறு எதற்கோ கொடுத்துவிட்டார்கள். எல்லா டேப்புக்கும் நடப்பதுதான்.

மூன்றாவது வாரம் கார்டுகள் வரத் தொடங்கின. 50 காசு அஞ்சல் அட்டைகள். மொத்தம் 37. "ஆட்டுக்குட்டி என்ன ஆனது என்று தயவுசெய்து தெரிவிக்கவும்" என்று பள்ளியில் கற்றுக்கொடுத்த கடிதத் தமிழில் ஒன்று. பென்சிலில் ஆடு வரைந்து, அதன் காலடியில் நீல மையால் தண்ணீர் அடித்த ஒன்று. முகவரி எழுத இடம் போதாமல் சேனல் பெயரைச் செங்குத்தாக எழுதியிருந்த ஒன்று. யாரும் கேட்கமாட்டார்கள் என்று நான் சொன்னதற்கு 37 பதில்கள்.

அவற்றை நிகழ்ச்சித் தலைவரிடம் கொண்டுபோகவில்லை. மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். பதிலும் எழுதவில்லை. பயனில்லை என்று அன்றைக்குச் சொல்லிக்கொண்டேன். டெலிஷாப்பிங்காரர்கள் மூன்று மாதப் பணத்தை முன்னாலேயே கட்டியிருந்தார்கள், 37 கார்டுகளை வைத்துக்கொண்டு யார் என்ன செய்ய முடியும்? அதுவும் பொய் இல்லை. ஆனால் அதே வாரம் எனக்குப் புது நிகழ்ச்சி ஒதுக்கப்பட்டிருந்தது. சனி, ஞாயிறு இரவு எட்டு மணி, பெரிய செட், பெரிய ஸ்பான்சர். குழந்தைகளின் பாட்டுப் போட்டி. கார்டுகளை எடுத்துக்கொண்டு போய் நின்றிருந்தால் அது கையைவிட்டுப் போயிருக்குமா? போயிருக்காது என்றுதான் இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை.

அந்தப் போட்டி நிகழ்ச்சியை இரண்டு வருடம் செய்தேன். நன்றாகவும் செய்தேன். வெளியில் யாராவது கேட்டால் "குழந்தைகள் நிகழ்ச்சி பண்றேன்" என்றுதான் சொல்வேன். ஆனால் அது குழந்தைகளை வைத்துப் பெரியவர்களுக்குச் செய்த நிகழ்ச்சி. ஏழு வயதுப் பெண் காதல் பாட்டை உணர்ச்சியோடு பாடுவாள், நடுவர் கண் கலங்குவார், எலிமினேஷனில் அவள் அழுவாள், கேமரா அருகே போகும். அருகே போகச் சொன்னது நான். இரவு பதினொரு மணிக்கு மேக்கப்போடு நாற்காலியில் தூங்கும் பிள்ளைகளை எழுப்பியிருக்கிறேன். ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்ற விதி 2017-இல் வந்தது. நாங்கள் செய்தபோது அது இல்லை. இல்லை என்பதற்காக எழுப்பியிருக்க வேண்டுமா என்று அந்தப் பிள்ளைகளில் ஒருவர் கேட்டால் என்னிடம் பதில் கிடையாது.

இப்போது ஓய்வில் இருக்கிறேன். விதிகள் வந்தால் வாசிக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. 2022 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலில், சேனல்கள் தினமும் 30 நிமிடம் பொதுநலன் சார்ந்த நிகழ்ச்சி போட வேண்டும் என்று இருக்கிறது. கல்வி, எழுத்தறிவு, விவசாயம், சுகாதாரம், அறிவியல், பெண்கள் நலன், சுற்றுச்சூழல் போன்ற எட்டுத் தலைப்புகள். குழந்தைகள் என்று தனியாக ஒரு வரி இருக்கிறதா என்று இரண்டு முறை தேடினேன். இல்லை. அதே வருடம் ஜூனில், சிறுவர் நிகழ்ச்சிகளின் நடுவே சிப்ஸ், குளிர்பான விளம்பரங்கள் கூடாது என்று விதி வந்தது. நல்ல விதி, முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் ஒரு பழைய தயாரிப்பாளனாக உடனே கணக்குதான் ஓடியது: இனி யார் பணம் போடுவார்கள்? மாநில அரசின் கல்வித் தொலைக்காட்சி 2019-லிருந்து இருக்கிறது. அது பாடம் நடத்துகிறது. பள்ளிக்கு வெளியே பிள்ளைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறதே, அதை யார் எடுத்துக்கொள்வார்கள்?

எல்லாம் போனில்தான் இருக்கிறதே என்கிறான் என் மகன். இருக்கலாம். நான் பெரிதுபடுத்துகிறேனோ என்று எனக்கும் சந்தேகம் உண்டு. ஒரு அரைமணி நேரம், ஒரு சேனல். அந்தக் கூட்டத்தில் வேறு யார் உட்கார்ந்திருந்தாலும் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பார்கள். இப்படி எழுதும்போதே, வேறு யாரும் உட்கார்ந்திருக்கவில்லை, நான்தான் இருந்தேன் என்பதும் கூடவே வருகிறது.

டீச்சரைத் திரும்ப அழைக்கவே இல்லை. சொல்கிறேன் என்று சொன்னதோடு சரி. அவருடைய எண் பழைய டைரியில் இருக்கிறது. அழைத்தால் முதலில் அந்தக் கதையின் முடிவைத்தான் கேட்க வேண்டும், ஏனென்றால் எனக்கும் தெரியாது. மறுபாதியைப் படமாக்கியபோது கன்ட்ரோல் ரூமில் இருந்தேன், மானிட்டர் எதிரே. ஸ்பான்சர் விஷயமாக போன் வந்ததால் டீச்சரின் குரலைக் குறைக்கச் சொல்லிவிட்டுப் பேசிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது டீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். கீழே உட்கார்ந்திருந்த பிள்ளைகள் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். குட்டி கரை சேர்ந்திருக்கும் என்று அதை வைத்துத்தான் நினைத்துக்கொள்கிறேன். ஆனால் ஃப்ளோர் மேனேஜர் கை காட்டினாலும் பிள்ளைகள் தட்டுவார்கள்.