பதர் எங்கே தொடங்குகிறது

செங்குன்றத்து அரிசி ஆலை ஒன்றில் கணக்கு எழுதும் என் சித்தப்பா, சென்ற ஞாயிறன்று தண்டையார்பேட்டை வீட்டுக்கு வந்ததும் ஒரு பொட்டலத்தைப் பிரித்து, கைப்பிடி நெல்லை மேசையில் கொட்டினார். பொன்னேரிப் பக்கத்து விவசாயி ஒருவர், கலப்பின நெல் அறுவடையிலிருந்தே விதை எடுத்து வைத்து மறுபோகம் விதைத்ததில் விளைந்தது அது. நகத்தால் அழுத்தினால் சில மணிகள் கெட்டியாக நின்றன. மற்றவை உமியாகத் தட்டையாயின. "நீ பாட்டனி வாத்தியார்தானே, இது ஏன் இவ்ளோ பதராப் போச்சுன்னு சொல்லுப்பா" என்றார்.

பூக்கும் நேரத்து வெயிலும் மழையும் நாவாய்ப்பூச்சியும் பதரை உண்டாக்கும். கலப்பின நெல்லுக்கோ இன்னொரு காரணமும் உண்டு. அது செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவுக்குள், மரபணுவின் நகலான ஆர்.என்.ஏ.வைப் பற்றிக்கொள்ளும் புரதங்களைச் சார்ந்தது.

செடியின் மைட்டோகாண்ட்ரியா தன் மரபணுக்களை நகலெடுக்கும், ஆனால் அந்த நகல் பிழை மலிந்தது. ஆய்வகங்களின் செல்லப்பிள்ளையான அரபிடாப்சிஸ் செடியில் மட்டும் 400-க்கும் மேற்பட்ட இடங்களில் சைட்டோசின் என்ற எழுத்தை யுராசில் என்ற எழுத்தாகத் திருத்தியாக வேண்டும். சில மரபணுக்களின் நகல்கள் துண்டு துண்டாகவே பிறப்பதால் அவற்றை ஒட்டவும் வேண்டும். இந்த மெய்ப்புத் திருத்தும் வேலைக்கான ஆட்களை உட்கருதான் அனுப்புகிறது. அவர்களுள் பெருங்கூட்டம் பி.பி.ஆர். (பென்டாட்ரைகோபெப்டைடு ரிபீட்) புரதங்கள்: மனிதருக்கு ஏழே உள்ள இவை அரபிடாப்சிஸுக்குச் சுமார் 450. ஏறத்தாழ 35 அமினோ அமிலம் கொண்ட கண்ணிகள் சங்கிலியாக அமைந்து, கண்ணிக்கு ஓர் எழுத்து என்ற கணக்கில் ஆர்.என்.ஏ.வைப் படிக்கின்றன, அந்தக் கணக்கின் சூத்திரம் 2012-இல் பிடிபட்டது.

இத்தனை ஆட்களில் ஒருவர் வராவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. மைட்டோகாண்ட்ரியா ஆற்றல் எடுக்கும் சுவாசச் சங்கிலியின் முதல் புரதக் கூட்டமைப்புக்கு வேண்டிய ஒரே ஒரு நகல் ஒட்டப்படாமல் போனாலும் அக்கூட்டமைப்பு உருவாகாது. தாவரங்களுக்கு மாற்று வழி இருப்பதால் செடி பெரும்பாலும் சாகாது, ஆனால் தாமதமாக முளைத்து, சுருண்ட சிற்றிலைகளோடு குன்றி நின்று, காலம் தப்பிப் பூக்கும். மக்காச்சோளம் இவ்வளவு தாங்காது: இத்தகைய குறையைத் தன் இரு மரபணுப் பிரதிகளில் ஒன்றில் மட்டும் சுமக்கும் செடியைத் தன் மகரந்தத்தாலேயே கருவுறச் செய்தால், கதிரில் நாலில் ஒரு மணி வெறும் தோலாகச் சப்பிவிடும். (காசிமேட்டில் சுட்டு விற்கும் கதிரில் தெரியும் பொக்கைகள் வேறு கதை, அங்கே மகரந்தம் விழவில்லை, அவ்வளவுதான்.)

இனி நெல். கலப்பின விதை உற்பத்திக்குத் தாயாகும் பயிர் மகரந்தம் இல்லாததாக இருக்க வேண்டும். 1994-இல் தமிழ்நாட்டில் வெளியான கோ.ஆர்.எச். 1 உட்பட நம் கலப்பின நெற்கள் பலவற்றுக்கும் அந்த மலட்டுத்தன்மை ஒரு காட்டு நெல்லின் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து வந்தது. அங்கே மரபணுத் துண்டுகள் தாறுமாறாகக் கூடிப் பிறந்த டபிள்யூ.ஏ.352 என்ற புரதம், மகரந்தப்பையின் ஊட்டத் திசுவை அகாலத்தில் அழித்துவிடுகிறது. தந்தைப் பயிர் தரும் ஆர்.எப்.4 ஒரு பி.பி.ஆர். புரதம், அது டபிள்யூ.ஏ.352-இன் ஆர்.என்.ஏ.வைக் குறைத்து மகரந்தத்தைக் காக்கிறது. மைட்டோகாண்ட்ரியா தாய் வழியே வருவதால், எடுத்து வைத்த விதையில் முளைக்கும் செடி அனைத்திலும் நஞ்சு இருக்கும்; ஆர்.எப்.4 என்ற காவல் மரபணுவோ பிரிந்துபோய், ஒரு பங்குச் செடிகளுக்குக் கிடைக்காமலே போகும்; நல்ல மகரந்தம் இல்லாத அவற்றின் கதிர் பதராகும்.

அப்படியானால் காரணம் இதுதானா என்றார் சித்தப்பா. இந்தக் கைப்பிடி நெல்லை வைத்துச் சொல்ல முடியாது என்றேன். மரபணுவால் வந்த பதர் குறிப்பிட்ட செடிகளில் குவிந்திருக்கும். வெயிலால் வந்தது வயல் முழுக்கப் பரவியிருக்கும். செடி செடியாகக் கதிரைப் பார்த்தாரா என்று கேட்கச் சொன்னேன். அங்கேயே தொலைபேசியில் கேட்டார். மெஷின் வைத்து அறுத்து நாலு நாளாயிற்றாம்.