பாலிபாஸ்பேட்டை அளக்கும்போது எங்கே சறுக்குகிறது?

நூற்றுக்கணக்கான பாஸ்பேட் அலகுகள் கோத்த சங்கிலிதான் பாலிபாஸ்பேட். எல்பி என்னும் சத்து நிறைந்த வளர்ப்பு ஊடகத்தில் செழித்து வளரும் ஈ.கோலை பாக்டீரியாவில் இது மிகக் குறைவு. செல்களைக் கழுவி, அமினோ அமிலம் இல்லாத, பாஸ்பேட் குறைந்த ஊடகத்துக்கு மாற்றினால் 2 மணி நேரத்துக்குள் குவிந்துவிடும். அறுவடை செய்த கையோடு, செல்களை உடைத்து நொதிகளை முடக்கும் 4 மோலார் குவானிடின் ஐசோதயோசயனேட்டில் 95 டிகிரி செல்சியஸில் 10 நிமிடம் வையுங்கள். தாமதித்தால் செல்லின் சொந்த நொதிகளே சங்கிலியை அரித்துவிடும். அடுத்து எத்தனால் சேர்த்துச் சிலிகா வடிகுழலில் ஏற்றலாம். ஆனால் குட்டைச் சங்கிலிகள் அதில் சரியாக ஒட்டாமல் நழுவிவிடும்.

டாப்பி என்னும் ஒளிரும் சாயத்தை மட்டும் நம்புவது பெரிய தவறு. டிஎன்ஏவோடு சேர்ந்தால் 460 நானோமீட்டர் அருகே நீலமாகவும், பாலிபாஸ்பேட்டோடு 550 அருகே மஞ்சளாகவும் ஒளிரும் என்பது உண்மைதான். ஆர்என்ஏவும் அந்த மஞ்சள் பக்கம் கொஞ்சம் எட்டிப்பார்க்குமே!

ஈஸ்டின் பிபிஎக்ஸ்1 நொதியால் சங்கிலியை வெட்டி, விடுபடும் பாஸ்பேட்டை மாலிப்டேட் நிறமாற்றத்தால் அளப்பதே உறுதியானது. நொதி சேர்க்காத மாதிரியின் அளவைக் கழிக்க மறக்காதீர்கள். பாலிபாஸ்பேட்டை உருவாக்கும் நொதிக்கான பிபிகே மரபணுவை நீக்கிய செல்களையும் கூடவே ஓட்டுங்கள். அதிலும் பாஸ்பேட் தெரிந்தால் முதலில் கண்ணாடிக் கலன்களைக் கழுவிய சோப்பைச் சந்தேகியுங்கள்.