அத்தையும் ஒரு ஸ்கேனும்

மார்ச் 3
திண்டுக்கல்லுக்கு அத்தை வந்திருக்கிறார். வயது 58, தீட்டு நின்று ஏழெட்டு வருஷம் இருக்கும். துவைக்கப் போட்ட பாவாடையில் கறை. கேட்டால், “சூடும்மா. வெந்தயம் ஊறவெச்சுக் குடிச்சா அடங்கிரும்” என்கிறார். பொங்கலுக்கு முன்னாலிருந்தே விட்டுவிட்டுப் படுகிறதாம். மாமாவிடம்கூடச் சொல்லவில்லை. நர்ஸ் வேலை பார்க்கிற என்னிடமே மறைத்திருக்கிறார்!

வலியில்லை, அதனால் அவருக்குப் பயமில்லை. எனக்கு அதுதான் பயம். மாதவிடாய் நின்று ஒரு வருஷம் தாண்டிய பிறகு ஒரு சொட்டு பட்டாலும் பார்த்துவிட வேண்டும். இப்படி வருகிறவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குக் காரணம் கருப்பைப் புற்றுநோயாக இருக்காது, வேறு ஏதாவதாக இருக்கும். மீதி ஒருவர் யார் என்று வீட்டில் உட்கார்ந்து சொல்ல முடியாது.

மார்ச் 4
கிளம்ப மறுக்கிறார். “போன வருஷம் கேம்ப்ல பாத்தாங்க, ஒண்ணுமில்லைன்னாங்க.” அது கருப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவி, வெள்ளையாக மாறுகிறதா என்று பார்க்கும் சோதனை. நல்ல சோதனைதான். எங்கள் மாவட்டத்திலேயே செவிலியர்களை வைத்து 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குச் செய்து பார்த்து, கருப்பை வாய்ப் புற்றுநோய் இறப்பு 35 சதவீதம் குறைந்ததாக 2007-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஆனால் அதில் கருப்பையின் உள்பக்கம் தெரியாது. அத்தை வயதில் கருப்பை வாயில் பார்க்க வேண்டிய பகுதியும் உள்ளே போய்விடுவதால், அந்தச் சோதனையை முழுசாக நம்ப முடியாது.

சாயங்காலம் மாமாவிடம் நானே சொல்லிவிட்டேன். அத்தைக்குக் கோபம். இருக்கட்டும்.

மார்ச் 6
ஸ்கேனில் கருப்பை உள்சுவர் 11 மில்லிமீட்டர். இந்த வயதில் ரத்தம் படுகிறவர்களுக்கு 4-ஐத் தாண்டினாலே சதை எடுத்துப் பார்ப்பார்கள். சர்க்கரையும் உடல் எடையும் இருக்கிறதா என்று டாக்டரம்மா கேட்டார். இரண்டும் உண்டு, இரண்டுமே இந்த நோய்க்கு வழிவிடுபவை. பயாப்ஸி எடுத்தாயிற்று. வலித்ததா என்றதற்கு, “பிரசவத்தைவிடவா?” என்றார்.

மார்ச் 17
புற்றுநோய்தான். எம்.ஆர்.ஐ.யில் கருப்பையைத் தாண்டிப் பரவியதாகத் தெரியவில்லை. கருப்பையை எடுத்துவிடலாம், மற்றது அப்புறம் என்கிறார் டாக்டரம்மா. அத்தை அழவில்லை. பழனியில் இருக்கும் தங்கச்சிக்குப் போன் போட்டு, “உனக்கும் அப்படிப் படுதுன்னியே, நின்னுருச்சா?” என்று அதட்டிக்கொண்டிருந்தார்.

காப்பீட்டு அட்டையில் அத்தை பெயர் தப்பாக இருக்கிறது. நாளைக்குக் கலெக்டர் ஆபீஸ் போக வேண்டும்.