சாவிக்கொத்து, 140 கிராம்

ஏப்ரல் 14
கேம்போ, கலிஃபோர்னியா. பசிபிக் க்ரெஸ்ட் டிரெயில் என்ற மலைநடைப் பாதை தொடங்கும் இடம். மெக்ஸிகோ எல்லையில் நிற்கும் மரத்தூணைத் தொட்டுவிட்டுக் கிளம்பினேன். கனடா வரை 4,265 கி.மீ. முதலில் லேக் மொரீனா, 32 கி.மீ. தண்ணீர் மட்டும் ஆறு கிலோ. எடை குறைக்கிறேன் என்று டூத் பிரஷ் காம்பைப் பாதியாக நறுக்கிய அறிவாளி, சாவிக்கொத்தை எடுத்து வெளியே வைக்கவில்லை. 140 கிராம். நிறுத்துப் பார்த்தேன்.

ஏப்ரல் 16
குதிகாலில் கொப்புளம். இரண்டு.

ஏப்ரல் 22
ஈகிள் ராக். சிறகு விரித்த கழுகேதான். படம் எடுத்து அனுப்பக் கை போனது. யாருக்கு?

இங்கே எல்லோருக்கும் ஒரு பாதைப்பெயர் உண்டு, மற்றவர்கள்தான் வைப்பார்கள். எனக்குக் 'கிலுகிலு'. பின்னால் நான் வரும் சத்தம் கேட்டு, கிலுகிலுப்பைப் பாம்பு என்று இரண்டு பேர் குதித்திருக்கிறார்கள்.

மே 6
காற்று. எழுத ஒன்றுமில்லை.

மே 19
மொஹாவி பாலைவனம். வெயிலுக்குப் பயந்து இரவு நடை. லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போகும் தண்ணீர் காலடியில் மூடிய குழாய்க்குள் ஓடுகிறது, மேலே எனக்கு நாக்கு ஒட்டுகிறது.

நடந்தால் மனசு அடங்கும் என்றார்கள். எங்கே? தனியாக நடந்தால் பழைய சண்டையெல்லாம் வரிசை கட்டி வருகிறது. அன்று சொல்லாமல் விட்ட பதிலையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டு நடக்கிறேன். அப்புறம் அந்த வாசற்கதவு. தன் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு திருப்பினால்தான் திறக்கும். நான்கு மணி நேரம் இதே நினைப்பு. இப்போது பூட்டை மாற்றியாகிவிட்டது. இழுக்காமலே திறக்குமாம். எனக்கு அதுதான் எரிச்சல்.

ஜூன் 3
கென்னடி மெடோஸ். 1,130 கி.மீ., பாலைவனம் முடிந்தது. இனி கரடி டப்பா (கரடி திறக்க முடியாத சாப்பாட்டு டப்பா), பனிக்கோடரி. கூடுதலாக ஒன்றரை கிலோ.

வேண்டாததைப் போட ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள், வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். சாவியைப் போட்டேன்.

ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து போய் எடுத்து வந்தேன். ஓட்ஸ் பொட்டலங்களுக்கு அடியில் கிடந்தது.

ஜூன் 8
என் டப்பா, மூடியை நாணயத்தால் திருகித் திறக்கிற ரகம். நாணயத்தை எங்கோ தொலைத்துவிட்டேன். பசி. வாசற்கதவுச் சாவியின் நுனி பொருந்தியது. பழக்கத்தில் மூடியை இழுத்துப் பிடித்திருக்கிறேன். உட்கார்ந்து சிரித்தேன், கொஞ்ச நேரம் வேறு மாதிரியும்.

ஜூன் 9
நாளை ஃபாரஸ்டர் கணவாய். 4,009 மீட்டர், இந்தப் பாதையிலேயே உயரம். வெயில் ஏறினால் பனி இளகிக் கால் புதையும்; இரண்டு மணிக்கே கிளம்ப வேண்டும். ஷூ நனைந்திருக்கிறது, விட்டால் விடிவதற்குள் கல்லாகிவிடும். ஸ்லீப்பிங் பேக்குக்குள் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறேன். நாற்றம். "கிலுகிலு, லைட்டை அணை" என்கிறார்கள்.