இயற்பியல் ஆசிரியர் மாநாடு நடத்தி முடித்தோம்: எங்கெல்லாம் இடறியது, ஏன் இடறியது

மாநாட்டின் இரண்டாம் நாள் மாலை, கருவிகளை ஏற்றிய வண்டி வளாக வாசலில் ஒன்றரை மணி நேரம் நின்றது. ஒரே ஒரு தாள் இல்லை. எந்தக் கருவி, எத்தனை எண்ணிக்கை, யாருடையது என்று எழுதி, உள்ளே வரும்போதே வாசலில் முத்திரை வாங்கியிருக்க வேண்டிய பட்டியல் அது. அரங்க அலுவலகத்துக்கு மூன்று முறை போனோம். மூன்று முறையும் "அனுமதிக் கடிதம் போதும்" என்றே சொல்லி அனுப்பினார்கள். அந்தக் கடிதத்தில் அரங்கு இருந்தது, அறைகள் இருந்தன, கருவிகளைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. வண்டியில் இருக்கும் அலைவுகாட்டி வளாகத்துச் சொத்தா, நாங்கள் கொண்டுவந்ததா என்று வாசல் காவலருக்கு எப்படித் தெரியும்? அவர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தார். தவறான பதில் சொன்ன எழுத்தர் அதற்குள் வீட்டுக்குப் போய்விட்டார்.

அதனால் முதல் எச்சரிக்கை: கருவிப் பட்டியல் இரண்டு பிரதி எடுங்கள். ஒவ்வொரு கருவிக்கும் வரிசை எண், அதே எண் கருவியின் மேல் ஒட்டுத்தாளில், தந்த பள்ளியின் அல்லது கல்லூரியின் பெயர், கைபேசியில் ஒரு படம். நுழையும்போதே இரண்டு பிரதியிலும் முத்திரை. ஒன்று வாசலில், ஒன்று உங்கள் கையில். மின்கம்பி, லென்ஸ் தாங்கி போன்ற சில்லறைப் பொருள்களையும் எண்ணி எழுதுங்கள். தொலைந்ததெல்லாம் அவைதான்.

பேச்சாளர்கள், தங்குமிடம், சாப்பாடு, பைகள், மேடை எல்லாம் நன்றாக நடந்தன. எந்த மாநாட்டுக்கும் உள்ள வேலைகள்தானே அவை, செய்து பழகியவர்கள் குழுவில் இருந்தார்கள். அடி விழுந்ததெல்லாம் இயற்பியல் என்பதால் வந்த இடங்களில். 180 பேர், 42 உரைகள், 30 சுவரொட்டிகள், 90 நிமிடப் பயிலரங்குகள் ஆறு. உரைகளுக்கு ஏற்ற இடமா என்று பார்த்து அரங்கைப் பிடித்தோம். ஆறு ஆய்வுக்கூடங்கள் இரண்டு நாளைக்கு அங்கே குடியேறப் போகின்றன என்ற எண்ணத்தோடு பார்த்திருந்தால் பாதித் தொல்லை வந்திருக்காது.

மின்சாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தன்வெப்பப் (ஒரு கிலோ பொருளை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான வெப்பம்) பயிலரங்குக்கு எட்டு மேசைகள், மேசைக்கு ஒரு 1,000 வாட் சூடேற்றி. "பிளக் பாயிண்ட் எத்தனை?" என்று கேட்டோம், "பன்னிரண்டு" என்று பதில் வந்தது, திருப்தியோடு திரும்பிவிட்டோம். அந்தப் பன்னிரண்டும் எத்தனை சர்க்யூட்டில் என்று கேட்டிருக்க வேண்டும். எல்லாமே ஒரே 16 ஆம்பியர் எம்.சி.பி.யில் (மின்னோட்டம் அளவு மீறினால் தானே விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருந்தன. 230 வோல்ட்டில் அது 3,680 வாட். எட்டுச் சூடேற்றிகளும் சேர்ந்தால் ஏறக்குறைய 35 ஆம்பியர். இதில் எங்களை ஏமாற்றியது முந்தின நாள் சோதனை. நான்கு சூடேற்றிகளைப் போட்டுப் பார்த்தோம், விழவில்லை. 4,000 வாட் என்பது 17.4 ஆம்பியர்; அந்த அளவு சிறிய மிகைச்சுமையை எம்.சி.பி. நெடுநேரம் பொறுத்துக்கொள்ளும். "நான்கு தாங்குகிறதே, எட்டும் தாங்கும்" என்று யாரோ சொன்னதை ஒருவரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. பயிலரங்கில் எட்டையும் போட்ட ஒரு நிமிடத்துக்குள் அறையே இருண்டது. புரொஜெக்டரும் அதே சர்க்யூட். அதன் விளக்கு சூடு ஆறி மறுபடி எரியும்வரை எல்லோரும் காத்திருக்க வேண்டியதாயிற்று.

இதற்குத் தீர்வு பள்ளி ஆய்வகத்திலேயே இருக்கிறது. 12 வோல்ட், 50 வாட் அமிழ்வுச் சூடேற்றியும், அதற்கென்று துளையிட்ட ஒரு கிலோ அலுமினியக் கட்டையும் போதும். எட்டு மேசைக்கும் சேர்த்து 400 வாட்தான். பத்து நிமிடத்தில் 30,000 ஜூல். அலுமினியத்தின் தன்வெப்பம் கிலோவுக்கு, டிகிரிக்கு ஏறக்குறைய 900 ஜூல் என்பதால் இழப்பே இல்லாவிட்டால் 33 டிகிரி ஏறும். இழப்பு இருக்கும், ஆகவே குறைவாகத்தான் ஏறும். அந்தக் குறைவை வகுப்பில் எப்படிப் பேசுவது என்பதுதான் பயிலரங்கின் சாரம். மறுநாள் அதே பயிலரங்கை இந்த முறையில் நடத்தினோம், ஒரு தடங்கலும் இல்லை. புரொஜெக்டரை மட்டும் எப்போதும் தனிச் சர்க்யூட்டில் வையுங்கள். சுருள் உருளையில் வரும் நீள எக்ஸ்டென்ஷன் கம்பியை முழுதும் பிரித்த பிறகே பயன்படுத்துங்கள். சுற்றியபடியே அதிக மின்னோட்டம் போனால் உள்ளே வெப்பம் தேங்கிக் காப்புறை உருகும்.

அடுத்தது இருட்டு. அறைகளைப் பார்வையிடப் போனது மாலை ஆறு மணிக்கு. திரைச்சீலையை இழுத்ததும் அறை கும்மிருட்டு. நிறமாலைப் பயிலரங்கு நடந்ததோ காலை 11 மணிக்கு, அதே திரைச்சீலையின் ஓரங்களில் வெயில் கோடு கோடாக விழுந்துகொண்டிருந்தபோது. ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்கும், மில்லிமீட்டருக்கு 600 கோடுகள் உள்ள கீற்றணி வழியே சோடியத்தின் மஞ்சள் கோடு தெரிந்தது. ஹைட்ரஜனின் சிவப்புக் கோடும் தெரிந்தது. 434 நானோமீட்டர் ஊதாக் கோட்டைப் பாதிப் பேரால் பார்க்க முடியவில்லை. அமர்வு நடக்கும் அதே நேரத்தில் போய் அறையைப் பாருங்கள். முடிந்தால் ஜன்னலே இல்லாத உள்ளறையை ஒளியியலுக்கு ஒதுக்குங்கள், அது எவ்வளவு சிறியதாக இருந்தாலும் சரி. சோடியம் விளக்கு முழு ஒளிக்கு வரச் சில நிமிடங்கள் ஆகும்; ஆட்கள் உள்ளே வருவதற்கு முன்பே அது எரிந்துகொண்டிருக்க வேண்டும்.

எல்.இ.டி. கொண்டு பிளாங்க் மாறிலி (ஒளியின் அதிர்வெண்ணையும் ஆற்றலையும் இணைக்கும் எண்) காணும் பயிலரங்கு இதே வெளிச்சத்திலும் தப்பித்தது. எல்.இ.டி.யின் தலையில் விரல் நீளக் கறுப்புக் காகிதக் குழாயைச் செருகி, அதன் வழியே பார்த்தால் ஒளி தொடங்கும் மின்னழுத்தம் வெளிச்ச அறையிலும் தெரியும். இதற்கு நிறமற்ற உறை கொண்ட எல்.இ.டி.களே நல்லவை. நிற உறை இருந்தால் நிறம் உறையிலிருந்து வருகிறதா, குறைக்கடத்தியிலிருந்து வருகிறதா என்ற கேள்வி எழுந்து பேச்சு திசைமாறிவிடும்.

கைபேசிப் பயிலரங்கு எங்களுக்கு உண்மையாகவே வலித்தது, ஏனென்றால் அதற்குத்தான் அதிக ஆசையோடு பதிந்திருந்தார்கள். ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2016-இல் வெளியிட்ட 'ஃபைஃபாக்ஸ்' செயலியில் ஒலி நிறுத்தக் கடிகாரம் இருக்கிறது; ஓர் ஒலி கேட்டதும் ஓடத் தொடங்கி, அடுத்த ஒலி கேட்டதும் நிற்கும். இரண்டு கைபேசிகளை 5 மீட்டர் இடைவெளியில் வைத்து, ஒருவர் ஒரு கைபேசியின் அருகே கைதட்ட, அடுத்தவர் மற்றதன் அருகே தட்ட வேண்டும். இரண்டு கைபேசிகளும் காட்டும் நேரங்களின் வேறுபாடு, ஒலி 10 மீட்டர் போகும் நேரம். ஏறக்குறைய 29 மில்லிநொடி. அழகான சோதனை. 12 இணைகளை ஒரே அறையில் உட்காரவைத்தோம். ஓர் இணை தட்டிய ஒலியில் மற்ற 11 இணைகளின் கடிகாரங்களும் ஓடத் தொடங்கின, நின்றன, மறுபடி ஓடின. கால் மணி நேரம் யாருக்கும் ஓர் ஒழுங்கான அளவு கிடைக்கவில்லை. பிறகு தாழ்வாரத்திலும் மாடிப்படியிலும் வெளித்திடலிலும் பிரித்து அனுப்பினோம். கடைசி 20 நிமிடத்தில் எல்லா இணைகளும் நொடிக்கு 330 முதல் 350 மீட்டருக்குள் விடை கொண்டுவந்தார்கள். அந்த முகங்களைப் பார்த்தபோது பட்ட பாடெல்லாம் மறந்தது.

செயலியை வீட்டிலேயே இறக்கி வரச் சொல்லுங்கள். 24 பேர் ஒரே நேரத்தில் அரங்க வைஃபையில் இறக்கத் தொடங்கினால் யாருக்கும் இறங்காது. காற்றழுத்த உணரி பல கைபேசிகளில் கிடையாது, ஆகவே மின்தூக்கி ஏறி இறங்குவதைக் காற்றழுத்தத்தால் அளக்கும் சோதனையை நம்பிப் பயிலரங்கு அமைக்க வேண்டாம். ஒலிவாங்கி இல்லாத கைபேசியே இல்லை. 'ஃபெட்' போன்ற, கணினித் திரையிலேயே சோதனை செய்து பார்க்கும் உருவகப்படுத்தல்களையும் முன்பே இறக்கி எல்லாக் கணினிகளிலும் போட்டுவிடுங்கள்.

திரவ நைட்ரஜன் செயல்விளக்கத்தை நாங்களே கடைசி வாரத்தில் நிறுத்தினோம். அதைப் பற்றி வருத்தமில்லை. கொள்கலனை வைக்கத் தந்த அறை 5 மீட்டருக்கு 4 மீட்டர், உயரம் 3 மீட்டர், ஜன்னல் கிடையாது. ஒரு லிட்டர் திரவம் அறை வெப்பநிலையில் ஏறக்குறைய 700 லிட்டர் வளிமமாகும். 10 லிட்டரும் சிந்தினால் 60 கனமீட்டர் அறைக்குள் 7 கனமீட்டர் நைட்ரஜன். ஆக்சிஜன் 21 சதவீதத்திலிருந்து 19-க்கும் கீழே போகும். 19.5-க்குக் கீழே போனாலே ஆபத்து என்று கொள்வது பாதுகாப்பு வழக்கம். நல்ல காற்றோட்டமுள்ள இடம் கிடைக்காவிட்டால் இந்தச் செயல்விளக்கத்தை வைக்காதீர்கள். கொள்கலனோடு யாரும் மின்தூக்கியில் ஏறவும் கூடாது.

நிலைமின்னூட்டத்தைக் கோளத்தில் திரட்டும் வான் டி கிராஃப் மின்னியற்றி முதல் நாள் தீப்பொறியே தரவில்லை. ஈரப்பதம்தான் காரணம். பட்டையையும் கோளத்தையும் தாங்கும் தூணையும் முடி உலர்த்தியால் பத்து நிமிடம் உலர்த்திய பிறகு வேலை செய்தது. அந்த உலர்த்தியும் கருவிப் பட்டியலில் இருக்கட்டும்.

ஆய்வுச்சுருக்கத் தொகுப்பில் நடந்த தவறு இன்னும் உறுத்துகிறது. சுருக்கங்களை இணையப் படிவத்தில் ஒட்டச் சொன்னோம். படிவம் மேலடுக்குகளைத் தட்டையாக்கியது, பத்தின் அடுக்கு கழித்தல் மூன்று என்பது '10-3' ஆனது. அதைப் பார்த்த உடனே கண்டுபிடித்துவிடலாம். மைக்ரோவைக் குறிக்கும் கிரேக்க எழுத்தில் நேர்ந்தது அப்படியில்லை. பழைய 'சிம்பல்' எழுத்துருவில் அடித்தவர்களுக்கு, எழுத்துரு உதிர்ந்ததும் அது ஆங்கில 'எம்' ஆகிவிடும், மைக்ரோ மில்லியாகிவிடும். ஒருவர் எல்.இ.டி. பற்றி எழுதிய 20 மைக்ரோ ஆம்பியர் 20 மில்லி ஆம்பியராக அச்சாகிவிட்டது. ஆயிரம் மடங்கு தவறு. ஆனால் எல்.இ.டி.க்கு 20 மில்லி ஆம்பியர் இயல்பான எண் என்பதால், சரிபார்த்த இருவர் கண்ணிலும் படவில்லை. எழுதியவரிடம் மன்னிப்புக் கேட்டுத் திருத்தத் தாள் ஒட்டினோம். சுருக்கங்களைக் கோப்பாக வாங்குங்கள், கூடவே எழுதியவரிடமிருந்தே பிடிஎஃப் ஒன்றும் வாங்குங்கள். அச்சுக்கு முன் ஒவ்வொருவருக்கும் அவரவர் பக்கத்தை அனுப்பி, "சரி" என்ற பதில் வந்த பிறகு அச்சடியுங்கள்.

உரைகளின் காட்சிக் கோப்புகளிலும் இதே எழுத்துருச் சிக்கல்தான். பிடிஎஃப் ஒரு பிரதி கையில் இருந்தால் சமன்பாடுகள் தப்பும், காணொளிகளைத் தனிக் கோப்பாக வாங்க வேண்டும். எச்டிஎம்ஐ இணைத்ததும் ஒலி புரொஜெக்டருக்குப் போய்விடும், அரங்க ஒலிபெருக்கியில் வராது. விம்மல் (சற்றே வேறுபட்ட இரு சுருதிகள் சேரும்போது ஒலி ஏறி இறங்குவது) பற்றிய ஓர் உரை இதனால் ஊமையாக நடந்தது.

விசை, இயக்கம் பற்றிய மாணவர் புரிதலைச் சோதிக்கும் 'விசைக் கருத்து வினாத்தொகுப்பு' பற்றிய அமர்வை வழக்கம்போல ஒளிப்பதிவு செய்தோம். 1992-இல் வெளியான அந்தத் தொகுப்பை ஆசிரியர்கள் இன்றும் வகுப்பில் முன்தேர்வாகவும் பின்தேர்வாகவும் பயன்படுத்துகிறார்கள். வினாக்கள் வெளியே போனால் தேர்வே பயனற்றுப் போகும். திரையில் வினாக்கள் முழுதாகத் தெரிந்ததை ஒரு பங்கேற்பாளர் நல்லவேளையாகச் சுட்டிக்காட்டினார். அந்தப் பகுதியை வெட்டிய பிறகே பதிவைப் பகிர்ந்தோம்.

சுவரொட்டிக்கு 'ஏ0 அளவு' என்று மட்டும் அறிவித்தோம். அது 841 மி.மீ.க்கு 1,189 மி.மீ. பலகைகளின் அகலமோ ஒரு மீட்டர். படுக்கை வாட்டத்தில் அச்சடித்து வந்த ஏழு பேருடைய தாள்கள் இரு பக்கமும் நீட்டிக்கொண்டு நின்றன. 'நெட்டு வாட்டம்' என்ற இரண்டு சொற்களைச் சேர்த்திருக்கலாம்.

பதிவு மேசையின் கணக்கையும் முன்பே போடுங்கள். ஒருவருக்கு 40 நொடி என்றால் 180 பேருக்கு இரண்டு மணி நேரம். நாங்கள் இரண்டு மேசை போட்டோம், தொடக்க விழா அரை மணி தாமதமானது. நான்கு போட்டு, பதிவு எண் வரிசையில் பிரித்திருக்க வேண்டும். இணை அமர்வுகளில் ஒரு பேச்சாளர் வராவிட்டால் அடுத்தவரை முன்னே இழுக்காதீர்கள். நிரலைப் பார்த்து அடுத்த அறையிலிருந்து ஓடிவருபவர் தான் கேட்க வந்த உரையையே தவறவிடுவார்.

ஆசிரியர்கள் வகுப்பை விட்டு வருகிறார்கள், அதற்குத் தாள் வேண்டும். மின்னஞ்சல் அழைப்பைப் பல பள்ளி நிர்வாகங்கள் ஏற்கவில்லை. அமைப்பின் பெயரும் முகவரியும் அச்சிட்ட தாளில், கையெழுத்தோடு, இரண்டு தேதிகளையும் தனித்தனியே குறித்து, ஆறு வாரம் முன்னரே அனுப்புங்கள். வருகைச் சான்றிதழிலும் 'இரண்டு நாள்' என்று பொதுவாக எழுதாமல் தேதிகளை எழுதுங்கள். பெயர்களைப் பதிவுப் படிவத்திலிருந்து அப்படியே எடுத்ததால் 11 சான்றிதழ்களில் பிழை. பதிவு மேசையிலேயே பெயரைக் காட்டிச் சரிபார்த்திருக்கலாம். பதினொன்றையும் திருத்தி நேற்றுத்தான் அனுப்பி முடித்தோம்.