தண்ணீர்ப் போத்தல் இல்லாமல் ஈப்போவுக்கு

மலேசியாவில், சுங்கை சிப்புட்டுக்கு அருகில் ஒரு செம்பனை ஆலையில் எடைமேடை எழுத்தராக இருக்கிறேன். குலை ஏற்றிய லாரிகள் வரிசை பிடித்து நின்ற ஒரு மதிய வேளையில்தான் எனக்கு முதல் பீதித் தாக்கு வந்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது, விரல் நுனிகள் மரத்தன, இதோடு உயிர் போய்விடும் என்றே நம்பினேன். அடுத்த நான்கு மாதங்களில் மூன்று முறை அவசரப் பிரிவுக்கு ஓடினேன்; மூன்று முறையும் இசிஜி சரியாகவே இருந்தது. அம்மா முனீஸ்வரர் கோயிலில் மந்திரித்த கயிற்றைக் கட்டிவிட்டார். அவருடைய அக்கறையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் கயிறு கட்டிய பிறகும் பேருந்தில் ஏறப் பயமாகத்தான் இருந்தது.

அரசு கிளினிக் மருத்துவர் தைராய்டுக் கோளாறு இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, ஈப்போவிலுள்ள உளவியலாளர் ஒருவரிடம் என்னை அனுப்பினார். வாரம் ஒன்றாக 12 அமர்வுகள். 1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் மனச்சோர்வுக்காக வகுத்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, அதாவது எண்ணங்களையும் பழக்கங்களையும் சோதித்து மாற்றும் சிகிச்சை, பின்னர் பதற்ற நோய்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது என்று அந்த உளவியலாளர் சொன்னார். பிறகு ஒரு தாளில் வட்டம் வரைந்தார்: சாதாரணப் படபடப்பை மாரடைப்பு என்று மனம் எடுத்துக்கொள்கிறது, அந்தப் பயம் படபடப்பைக் கூட்டுகிறது, கூடிய படபடப்பே பயத்துக்குச் சான்றாகிவிடுகிறது.

மூன்றாம் அமர்வில், மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் ஸ்ட்ரா வழியாக மட்டும் மூச்சு விடச் சொன்னார். அதற்கு முன், என்ன நடக்கும் என்று நினைக்கிறேன், அதை எத்தனை விழுக்காடு நம்புகிறேன் என்று எழுதவைத்தார். "மயங்கி விழுவேன், 90" என்று எழுதினேன். தலை சுற்றியது, நெஞ்சு இறுகியது, ஆலையில் வந்த அதே உணர்வு. ஆனால் நாற்காலியில் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தேன். இரத்த அழுத்தம் இறங்கினால்தான் பொதுவாக மயக்கம் வரும், பீதியிலோ அது ஏறும் என்றார். 90ஐ அடித்துவிட்டு 40 என்று எழுதினேன்.

பயம் வரும்போது மனத்தில் ஓடுவதை வீட்டில் எழுதிவைக்கும் எண்ணக் குறிப்பேட்டைத் தொடக்கத்தில் மலாயில் எழுதிவந்தேன். "செத்துப்போவேன்" என்று தமிழில் எழுதிய அன்றுதான் கை நடுங்கியது. சிகிச்சை உண்மையில் அன்றுதான் தொடங்கியது என்று கருதுகிறேன். பேச்சைவிட இந்த வீட்டுப்பாடம்தான் முக்கியம். குலை வரத்து மிகுந்த இரண்டு வாரங்கள் அதைச் செய்யாமல் விட்டேன், பயம் முன்பிருந்த இடத்துக்கே திரும்பியது. தேவைப்படுவோருக்கு மருந்தும் சேர்த்துக் கொடுப்பார்கள், எனக்குத் தேவைப்படவில்லை.

கடினமாக இருந்தது போத்தலை விடுவதுதான். கதவோரத்து இருக்கை, கையில் தண்ணீர்ப் போத்தல், 999 அழுத்தத் தயாராகக் கைப்பேசி ஆகியவை இல்லாமல் நான் எங்கும் போனதில்லை. "நீங்கள் பிழைத்ததற்கான பெருமையை ஒவ்வொரு முறையும் அந்தப் போத்தலே எடுத்துக்கொள்கிறது" என்றார் அவர்.

பத்தாம் வாரம் அதை வீட்டில் வைத்துவிட்டுப் பேருந்தின் நடுவரிசையில் அமர்ந்தேன். ஊரைத் தாண்டியதும் படபடப்பு ஏறியது. இறங்காமல், மூச்சையும் திருத்தாமல், அது ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கந்தான் சுண்ணாம்புமலை கண்ணில் பட்டபோது அது அடங்கத் தொடங்கியிருந்தது. குறிப்பேட்டில் 15 என்று எழுதினேன்.