கிராண்ட் கேன்யனின் வயது

அமெரிக்காவின் அரிசோனாவில் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் தெற்கு விளிம்பில் நின்றேன். மேலே ஏறத்தாழ 27 கோடி ஆண்டுப் பழமையான கைபாப் சுண்ணாம்புக்கல். அடியில், கொலராடோ ஆற்றங்கரையில், 170 கோடி ஆண்டுகளைக் கடந்த பாறைகள். சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் விவிலியம் கூறும் நோவா காலத்துப் பெருவெள்ளம் இதனை உருவாக்கியது என நம்புவோர் உண்டு. ஆனால், இடையிலுள்ள கொகோனினோ மணற்கல் காற்று குவித்த பாலைவன மணல்மேடுகள் இறுகி உருவானது என்பதையும், அதில் விலங்குகளின் காலடித் தடங்கள் பதிந்திருப்பதையும் எண்ணும்போது அக்கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை.

நிலவியலாளர்களிடையே உள்ள வேறுபாடோ பாறையின் வயதைப் பற்றியதன்று, பள்ளத்தாக்கின் வயதைப் பற்றியது. மேற்குப் பகுதி ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பெரும்பாலும் வெட்டப்பட்டுவிட்டது என்றது 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வு; வெவ்வேறு காலங்களில் தோன்றிய பள்ளத்தாக்குகளை 50 முதல் 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் கொலராடோ ஆறு ஒன்றாக இணைத்தது என்றது 2014இல் வந்த மற்றொன்று. பின்னதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஏனெனில், மேற்கு வாயிலருகே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய படிவுகளில் கொலராடோ ஆறு கொண்டுவந்த வண்டல் காணப்படவில்லை.